நாலாம் வரிசைப் பாய்

என் கல்யாணம் நின்று போகப் பார்த்ததற்கு எலக்ட்ரான்தான் காரணம் என்றால் யாரும் நம்புவதில்லை. சீர்வரிசையில் தகராறா, ஜாதகத்தில் கோளாறா என்று துருவுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. என் அண்ணன் சுருளி சென்னைப் பட்டணத்தில் கெமிஸ்ட்ரி ஆனர்ஸ் படித்தான். கோளாறு அது ஒன்றுதான்.

நாற்பத்தோராம் வருஷம் வைகாசி மாதம். வடுகபட்டியில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்து ஈரம்கூடக் காயவில்லை. அண்ணன் லீவுக்கு வந்திருந்தான். அடுப்புக்கரியை எடுத்து, அந்த வெள்ளைச் சுவரில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தான். எனக்கு வந்ததே கோபம். கல்யாணப் பெண் அதட்டிப் பேசக்கூடாதாம். யார் கேட்டார்கள்?

"என்னண்ணே இது, கோழிக்கூடா? நாலு நாள்ல சம்பந்தி வீட்டுச் சனம் வந்து நிக்கும். ஒனக்குப் புத்தி எங்கன போச்சு?"

"அணு, புள்ள" என்றான், கொஞ்சமும் அசராமல். "நடுவுல கரு. சுத்தி வரிசை வரிசையா வீடு. ஒரு வீட்டுல ரெண்டு எலக்ட்ரான் இருக்கலாம். மூணாவதுக்கு எடம் கெடையாது."

"ஏன், கொஞ்சம் நெருக்கி உக்காந்தா ஆகாதா?"

"ஆகாது. அந்த ரெண்டும்கூட ஒரே பக்கம் பாத்து இருக்க முடியாது. ஒண்ணு இப்படின்னா மத்தது அப்படி. எதிரெதிராத்தான் இருக்கணும். இதுக்குச் சுழற்சின்னு பேரு. பம்பரம் மாதிரி நெசமாவே சுத்துதான்னு கேக்காத, அங்கன எங்க புரொபசருக்கே நாக்குத் தடுமாறும்."

கையில் விளக்குமாற்றோடு நின்றிருந்த எனக்கு அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். முதல் வரிசையில் ஒரே வீடு. இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் ஒன்பது. கருவுக்குக் கிட்ட இருப்பதுதான் சுகமான இடம், அதனால் எலக்ட்ரான் முதலில் அங்கேதான் போய் உட்காரும். அது நிறைந்தால்தான் அடுத்தது. சமமான வீடு மூன்று இருந்தால் ஆளுக்கு ஒரு வீடாகப் பிரிந்து போகும். எல்லா வீட்டிலும் ஒவ்வொன்று வந்த பிறகுதான் ஜோடி சேர ஆரம்பிக்கும்.

"ஏன் அப்படி?"

"எல்லாத்துக்கும் ஒரே மின்சாரம் புள்ள. ஒண்ண ஒண்ணு தள்ளும். வேற வழியில்லேன்னாத்தான் சேந்து இருக்கும்."

"ஒட்டும் இல்ல உறவும் இல்லாத சென்மம்னு சொல்லு."

அவன் சிரித்தான். "இன்னொரு கூத்தும் இருக்கு கேளு. மூணாவது வரிசையில நாலு வீடு நெறஞ்சதும், மிச்ச அஞ்சு வீடும் காலியாக் கெடக்கும். பத்தொம்பதாவது எலக்ட்ரான் வருது. எங்க போகும்?"

"காலியாக் கெடக்குற வீட்டுக்குத்தான்."

"போகாது! அந்த அஞ்சையும் விட்டுப்பிட்டு நாலாவது வரிசையில மொத வீட்டுல போயி உக்காரும். தூரமாத் தெரிஞ்சாலும் அதுல இருக்கறது அப்பப்ப உள்ள புகுந்து கருவுக்குக் கிட்ட வந்துட்டுப் போகும். அதனால சக்தி கம்மியாச் செலவாகுற எடம் அதுதான்."

"இதையெல்லாம் கண்ணால பாத்தவுக யாரு?"

"யாரும் பாக்கல."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வது? திருவிழாக் கடையில் ஊதுகுழல் வாங்கின பிள்ளைக்குக்கூட அப்படி வராது. அவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தச் சுவரையும் இடித்துக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் எங்கேயாவது வெள்ளையடித்த வாசனை வந்தால் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வருகிறது. அன்றைக்கு என்னமோ அவனைத் திட்டி, சுவரை மறுபடியும் அடிக்க வைத்தேன்.

இப்போது என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ராக்கையா. கம்பத்துக்காரர். என் ஆத்தா இருளம்மாள் அவருக்கு ஒரே தங்கச்சி. ஆத்தா காய்ச்சலில் போய் அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. மாமாவின் மகன் கருத்தக்கண்ணன்தான் எனக்கு முறைமாப்பிள்ளை. அவனை வேண்டாம் என்று சொன்னவள் நான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனோடு மண்ணில் புரண்டு, மூக்கு ஒழுக அடித்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு அவனைப் புருஷனாக நினைக்க வரவில்லை. தவிரவும் பெரியகுளத்து மாந்தோப்புக்காரர் வீட்டு அழகரை நான் ஒரு தடவை சந்தையில் பார்த்துத் தொலைத்திருந்தேன். அப்புறம் மனசு யார் பேச்சைக் கேட்கிறது?

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாசம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை, அவ்வளவுதான். என்னைப் பெற்ற அய்யா கம்பத்துக்குப் போய் வாசலில் நின்றபோது, "இருளம்மா மகளுக்கு நான் வராம யாரு வருவா?" என்று மட்டும் சொன்னாராம். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தால்தான் பெண் கழுத்தில் தாலி ஏறும். மாமன் இல்லையென்றால் கல்யாணமே இல்லை. சம்பந்தி வீட்டாரும் மாமன் மனஸ்தாபத்தைக் கேள்விப்பட்டு, "அவுக வருவாகளா?" என்று நாலு தடவை ஆள் விட்டுக் கேட்டிருந்தார்கள். அதனால் மாமா வருகிறார் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முகூர்த்தத்துக்கு முன்னால் மாமன் வீட்டாருக்குத்தான் முதல் பந்தி. அந்தப் பொறுப்பை அய்யா அண்ணனிடம் விட்டார். விட்டாரே, அவரைச் சொல்ல வேண்டும்!

எங்கள் பக்கத்துப் பந்தி எப்படியென்றால், கோரைப்பாயை நறுக்கினாற்போல் சின்னச் சின்னப் பாய்கள் போடுவார்கள். ஒரு பாய்க்கு இரண்டு பேர். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சேர்ந்துதான் உட்காருவார்கள். பந்தியில் தனிப்பாய் ஒருத்தனுக்கு மட்டும்தான் உண்டு. ஊர்க் கூட்டத்தில் உறவறுத்து விலக்கி வைத்தவனுக்கு. அவனையும் பசியோடு அனுப்பக்கூடாது என்று, எல்லாருக்கும் தள்ளி ஓரமாக ஒற்றைப் பாய் போட்டு இலை வைப்பார்கள். அதில் ஒருத்தனை உட்கார வைத்துவிட்டால் அப்புறம் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, சாவுக்குக்கூடப் போவதில்லை.

இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்தான். ஆனால் ஆஸ்டல் பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, அந்த நேரத்துக்கு அவன் மண்டைக்குள் எலக்ட்ரானைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. "போன கல்யாணத்துல பந்திக்கு அடிதடி ஆச்சுல்ல? இந்தத் தடவை ஒரு சத்தம் வராது பாரு. இயற்கையே போட்டு வச்ச வரிசை" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் மஞ்சள் அரைக்கிற கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன். காதில் வாங்கவில்லை.

அடுப்படிதான் அவனுக்குக் கரு. அதை ஒட்டி ஒரு பாய். அடுத்த வரிசையில் நாலு. அதற்கடுத்து நாலு பாய், அதே வரிசையின் நீட்சியாக மேட்டில் இன்னும் அஞ்சு பாய். மேட்டில் அடுப்புப் புகை அடிக்கும், வெயிலும் முகத்தில் விழும். எல்லாவற்றுக்கும் பின்னால், வேப்பமர நிழலில், நாலாவது வரிசையாக ஒரே ஒரு பாய்.

விடிந்ததும் கம்பத்து வண்டிகள் வந்து நின்றன. சலங்கைச் சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு ஓடினேன். வாழைத்தார், தேங்காய், கூறைப்புடவை வைத்த தாம்பாளம் எல்லாம் இறங்கின. மாமா கறுத்துப் போயிருந்தார், ஆனால் வெள்ளை வேட்டியில் ஜம்மென்று இருந்தார். ஆத்தாவின் நெற்றி, ஆத்தாவின் மூக்கு. எனக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது.

மாமா சீரெல்லாம் இறக்கி முடிக்கட்டும் என்று நின்றார். மற்றவர்கள் பந்திக்கு வந்தார்கள். முதல் இரண்டு பேரை அண்ணன் அடுப்படிப் பாயில் உட்கார வைத்தான். அடுத்த வரிசையில் முதல் பாயும் நிறைந்தது. அதன் பிறகு வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பிடித்து ஆளுக்கொரு பாயில் பிரித்து உட்கார வைத்தான்.

"ஏலே, நாங்க சேந்துதானடா உக்காருவோம்?"

"கொஞ்சம் பொறுங்க மாமா. மூணு பாயிலயும் ஒவ்வொருத்தரு ஆகட்டும். பெறகு ஜோடி சேத்துருவேன்."

பட்டணத்துப் பழக்கம் போல என்று அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். சொன்னபடியே ஜோடியும் சேர்ந்துவிட்டது. மூன்றாவது வரிசையிலும் கீழே இருந்த நாலு பாயும் இரண்டிரண்டாக நிறைந்தன. அப்போதுதான் மாமா கால் கழுவிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். மேட்டில் காலியாகக் கிடந்த முதல் பாயில், கீழ்ப் பாயில் இருந்த தன் தம்பிக்குப் பக்கமாக உட்காரப் போனார்.

அண்ணன் ஓடி வந்து கையைப் பிடித்தான். "அங்கன இல்ல மாமா! ஒங்களுக்குன்னு தனியா ஒரு எடம் வச்சிருக்கேன். இங்கன வாங்க."

கொண்டுபோய் வேப்பமரத்தடிப் பாயில் உட்கார வைத்து இலையும் போட்டான். மாமா சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். எல்லாப் பாயிலும் இரண்டு பேர். நடுவில் அஞ்சு பாய் ஆளில்லாமல் கிடக்கிறது. எல்லாருக்கும் தள்ளி ஓரத்தில் ஒற்றைப் பாயில் அவர் மட்டும்.

இட்லித் தட்டோடு வந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். மாமா இலையைத் தொடவில்லை. மெதுவாக எழுந்தார்.

"ஏலே சுருளி. என்னைய எதுக்குடா விலக்கி வச்சீக? நான் என்னடா குத்தம் பண்ணேன்?"

"ஐயையோ, விலக்கல மாமா! இருக்கறதுலயே நல்ல எடம் அதுதான். அந்த அஞ்சு பாயும் காலியா இருந்தாலும் பத்தொம்பதாவது ஆளு இங்கனதான் வந்து உக்காரணும்."

"ஒங்க அய்யா சொல்லிக் குடுத்தாரா, நீயாச் சொல்றியா?"

"அது இயற்கை மாமா" என்றான் அந்தப் படித்த மடையன்.

அவ்வளவுதான். அத்தனை பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். மாமாவின் சம்சாரம் பஞ்சம்மாள் அத்தை வந்து கூறைப்புடவைத் தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அவிழ்த்த மாட்டை மறுபடியும் வண்டியில் பூட்டினார்கள். அய்யா மாமாவின் கையைப் பிடித்தார், மாமா உதறினார். அடுத்த தெருவில் இறங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தச் சத்தம் கேட்க எவ்வளவு நேரமாகும்? வண்டி ஊர் எல்லையைத் தாண்டினால் என் கல்யாணமும் போனது போனதுதான். மாமன் விட்டுப் போன பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள்?

அண்ணன் ஜன்னலுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"புள்ள, பொட்டாசியம் ஆயிப்போச்சு."

"என்ன எழவு ஆச்சு?"

"பத்தொம்பது எலக்ட்ரான் இருந்தா அதுக்குப் பேரு பொட்டாசியம். வெளி வரிசையில ஒத்தையா இருக்கற அந்த ஒண்ணு நிக்காது. பட்டுன்னு கழண்டு போயிரும். தண்ணியில போட்டாத் தீயே பிடிக்கும். நான் அத மறந்துட்டேன் புள்ள. பாயையும் மறந்துட்டேன். எல்லாத்தையும் மறந்துட்டேன்."

அவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அவனை அறையவும் வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது.

"அழுகாமச் சொல்லு. கழண்டு போறத எப்படி நிப்பாட்டுறது?"

"எங்கன நிப்பாட்டுறது? அதே வீட்டுல இன்னொண்ணு வந்து ஜோடி சேந்தா, அது வேற பொருளு. இவ்வளவு துள்ளாது. கொஞ்சம் அடங்கியிருக்கும்."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தாய்மாமன் கைப்பிடிக்காமல் மணப்பெண் அறையை விட்டு இறங்கக்கூடாது. பின்னால் பெண்டுகள் "ஆத்தாடி, ஆத்தாடி" என்று கத்தினார்கள். கத்தட்டும். மஞ்சள் பூசின காலோடு பந்தல் முழுக்க நடந்துபோய் அந்த ஒற்றைப் பாயில் உட்கார்ந்தேன். மாமாவின் இலை அப்படியே கிடந்தது.

"மாமா!" என்று கூப்பிட்டேன். என் தொண்டை எப்போதுமே பெரிசு. "என்னையும் விலக்கியாச்சு. நானும் ஒத்தப் பாயிலதான் உக்காந்திருக்கேன். எனக்கும் ஒரு இலை போடச் சொல்லிட்டு வண்டிய விடுங்க."

அண்ணன்தான் பதறி ஓடிவந்து என் பக்கத்தில் உட்காரப் பார்த்தான்.

"நீ எந்திரி" என்றேன். "இது ஒன் எடமில்ல."

மாமா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். கயிற்றை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார். வந்து, என் பாயிலேயே, எனக்கு முதுகைக் காட்டி மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

"எதிரெதிர்!" என்று அண்ணன் மூச்சு வாங்கச் சொன்னான். "பாத்தியா புள்ள, எதிரெதிர்!"

கையில் ஏதாவது இருந்திருந்தால் அவன் மேல் எறிந்திருப்பேன்.

மாமா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"அவன் மேல கோவம் இல்லத்தா. அவன் படிச்சுக் கெட்டவன். வண்டியில வரும்போதே நெனச்சுக்கிட்டுத்தான் வந்தேன். தங்கச்சியும் போயிட்டா. எம் மகனும் வேணாம்னு ஆயிப்போச்சு. இனி அந்த வீட்டுல எனக்கு என்ன பாத்தியதை இருக்குன்னு. ஒத்தப் பாயப் பாத்ததும், நான் நெனச்சத நீங்களே வாய்விட்டுச் சொல்லிட்டீகன்னு ஆயிப்போச்சு."

ஆறு மாசமாக அவர் கோபமாக இருக்கிறார் என்றுதானே நினைத்திருந்தேன். பயந்துபோய் இருந்திருக்கிறார்.

"கருத்தக்கண்ணன வேணாம்னுதான் மாமா சொன்னேன். ஒங்கள என்னைக்கு வேணாம்னு சொன்னேன்? ஆத்தா போன பெறகு, ஆத்தா சாடையில ஒரு மொகம்னா அது ஒங்க மொகம் ஒண்ணுதான். அதையும் திருப்பிக்கிட்டு உக்காந்தா நான் எங்கன போயிப் பாக்கறது?"

மாமாவின் தோள் குலுங்கியது. அப்புறம் பாயிலேயே நகர்ந்து நகர்ந்து, நான் பார்த்த பக்கமே அவரும் திரும்பி, என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.

"மாமா, அப்படித் திரும்பக் கூடாது, ரெண்டும் ஒரே பக்கம்..." என்று வழக்கத்தில் ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இட்லி கொண்டாங்கடா" என்றார் மாமா. அவர் தம்பி வந்து பழைய பாயில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். தாலி ஏறும் வரை பெண் பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று யாரோ முனகினார்கள். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இட்லியைப் பிட்டு, ஆத்தா ஊட்டுவது போலவே மூன்று விரலால் எடுத்து என் வாயில் வைத்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். "ரெண்டும் ஒரே பக்கம் பாத்து இருக்க முடியாதுன்னு சொன்னியே?"

அவன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"எலக்ட்ரானுக்குத் தாய்மாமன் கெடையாது புள்ள."

"என்னத்தா சொல்றான் அவன்?" என்று மாமா கேட்டார். அதற்குள் இன்னொரு வாய் ஊட்டிவிட்டார். அழுகையும் இட்லியுமாக இருந்த வாயால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.